இடாப்பில் இல்லாத பெயர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எமக்கு ஒரு குழு ஒப்படை தந்தார்கள். நாம் ஒருநாளும் போகாத, போகும் வாய்ப்பும் இல்லாத ஒரு கிராமத்தின் புவியியல், வரலாறு, அன்றாட வாழ்க்கை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். ஊர்ப் பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி ஒரு பெட்டியில் போட்டிருந்தார் விரிவுரையாளர். நாம் நால்வர் ஒரு குழு. எமக்கு வந்த துண்டில் இருந்த பெயரை நால்வருக்கும் வாசிக்கவே தெரியவில்லை. பிரான்ஸ் நாட்டு ஊர் ஒன்று. லு ஷம்போன்-சூர்-லினியோன். 'லினியோன் ஆற்றங்கரை ஷம்போன்' என்று பொருள்.

பக்கத்துக் குழுவுக்கு ஜப்பானில் ஒரு மீன்பிடிக் கிராமம் கிடைத்திருந்தது. அவர்களிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டோம். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், மறுத்ததே நல்லதாயிற்று.

முதலில் புவியியலை மட்டும் எழுதிக் கொடுத்தோம். பிரான்ஸின் நடுத்தெற்கில் ஓத்-லுவார் என்ற மாவட்டம். அங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு பீடபூமி. லுவார் நதியில் போய்ச் சேரும் லினியோன் என்ற சிறிய ஆறு. தூரத்தில் 1,753 மீற்றர் உயரமுள்ள மெசாங் மலை. கருங்கல் வீடுகள், பைன் மரக் காடுகள், மேய்ச்சல் நிலம், உருளைக்கிழங்கு, மாடுகள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து 'புர்ல்' என்றொரு காற்று வீசும். விழுந்து கிடக்கும் பனியையே வாரிக்கொண்டு போய்ப் பாதைகளை மூடிவிடும் காற்று அது. ஊர் என்று சொன்னாலும் வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. நடுவில் ஒரு சிறிய கடைத்தெரு, தேவாலயம், மேயர் அலுவலகம், பாடசாலை. மற்றவை காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பண்ணை வீடுகள். மாட்டுக் கொட்டிலும் மனிதர் வாழும் அறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். பனிக்காலத்தில் மாட்டின் சூடு வீட்டுக்கும் உதவும்.

விரிவுரையாளர் எமது தாளைத் திருப்பித் தந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "மனிதர் எங்கே?"

அதன் பிறகுதான் நாம் உண்மையில் தேட ஆரம்பித்தோம்.

பிரான்ஸில் ஊராட்சியின் மிகச் சிறிய அலகு 'கொம்யூன்'. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 டிசம்பரில் வந்த சட்டத்தோடு உருவான ஏற்பாடு. பெரிய நகரமும் ஒரு கொம்யூன்தான், நூறு பேர் வாழும் குக்கிராமமும் ஒரு கொம்யூன்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு சபை. லு ஷம்போனில் இன்று சுமார் 2,400 பேர் வாழ்கிறார்கள். அளவில் நம்மூர்க் கிராம சேவகர் பிரிவு ஒன்றைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் பெரும்பாலும் கத்தோலிக்க நாடு. ஆனால் இந்தப் பீடபூமியில் 16ஆம் நூற்றாண்டிலேயே பலர் புரட்டஸ்தாந்துகளாக மாறிவிட்டார்கள். 1598இல் வந்த நாந்த் கட்டளை அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அதைப் பறித்துவிட்டான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், பிடிபட்டவர்கள் தூக்கிலும் இடப்பட்டார்கள். நூறு வருடங்களுக்கு மேல் அந்த மக்கள் காட்டிலும் மலையிடுக்கிலும் இரகசியமாகக் கூடி வணங்கினார்கள். 1787இல்தான் அவர்களது திருமணங்களையும் பிறப்புகளையும் அரசு பதிவில் ஏற்றுக்கொண்டது. அதுவரை அரசின் கணக்கில் அவர்கள் இல்லாத மனிதர்கள்.

எமது குழுவில் ஒருவரின் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வந்து இருந்த குடும்பம். இந்தப் பகுதியை வாசித்தபோது அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. "பட்ட அடியை நினைச்சு கதவைப் பூட்டுறவனும் இருக்கான், திறக்கிறவனும் இருக்கான்."

அந்த ஊர் எந்த வகை என்பதை அறிய, இடையில் இன்னொரு விடயத்தைச் சொல்ல வேண்டும். பீடபூமிக்குக் கொஞ்சம் தூரத்தில் செந்த் எத்தியேன் என்ற நகரம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் தொழிற்சாலைப் புகையும் நிறைந்திருந்த நகரம். 1893இல் லூயி கோன்த் என்ற போதகர் ஒரு வேலையைத் தொடங்கினார். நகரத்து ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கோடைக்காலத்தில் பீடபூமிப் பண்ணைகளுக்கு அனுப்பி, நல்ல காற்றும் பாலும் கிடைக்கச் செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் சிறிய ரயிலும் அந்த ஊருக்கு வந்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நோயாளிகளும் விடுமுறைக்காரர்களும் வந்தார்கள். சிறிய விடுதிகள், பிள்ளைகள் இல்லங்கள் பெருகின. ஏழை நிலத்தில் விவசாயம் செய்பவர்களுக்கு இது ஒரு மேலதிக வருமானமும்கூட.

ஆகவே முன்பின் தெரியாத பிள்ளை ஒன்று ஒரு பையோடு வாசலில் வந்து நிற்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டு தலைமுறையாகப் பார்த்துப் பழகிய காட்சி. நல்ல மனம் மட்டும் இருந்து, மேலதிகக் கட்டில் இல்லாவிட்டால் ஒரு பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? அந்த ஊரில் கட்டிலும் இருந்தது.

1938இல் அங்கே ஒரு புதிய பாடசாலை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் செவெனோல் கல்லூரி என்று பெயர் பெற்றது. ஊரின் போதகர்களான அந்த்ரே ட்ரொக்மேயும் எதுவார் தெய்ஸும் தொடங்கினார்கள். முதல் வருடத்தில் 18 மாணவர்கள் மட்டுமே. சரியான கட்டடம்கூட இல்லை. கிடைத்த அறைகளில் வகுப்பு நடந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். போர் வருடங்களில் அந்த எண்ணிக்கை பல நூறாக உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்பதுதான் கதை.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தது. விஷி என்ற ஊரில் இருந்து ஆண்ட புதிய அரசு ஹிட்லருக்கு ஒத்துழைத்தது. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. வெளிநாட்டு யூதர்களை முகாம்களில் அடைத்தார்கள். 1942இல் இருந்து அங்கிருந்து ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். அந்த ரயில்கள் போய் நின்ற இடம் எது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

பிரான்ஸ் வீழ்ந்த பின் வந்த முதல் பனிக்காலத்தில் ஒரு நாள் போதகரின் மனைவி மக்தா ட்ரொக்மேயின் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினாள். ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். மக்தா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து உணவு கொடுத்தார். நனைந்த சப்பாத்துகளை உலரவைக்க அடுப்பருகே வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் தங்குவதற்குப் பத்திரம் வேண்டும். மக்தா நேரே மேயரிடம் போய்க் கேட்டார். மேயர் கோபப்பட்டார். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக ஊர் முழுவதையும் ஆபத்தில் தள்ளப் பார்க்கிறீர்களா, நாளைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள் என்ற விதமாகப் பேசினார். மக்தா வீடு திரும்பியபோது அடுப்பருகே வைத்த சப்பாத்துகள் கருகிப் போயிருந்தன. அந்தக் காலத்தில் ஒரு சோடி சப்பாத்துக் கிடைப்பது இலேசான காரியமில்லை. எங்கோ தேடி வேறொரு சோடி வாங்கிக் கொடுத்து, அந்தப் பெண்ணை இன்னொரு முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊரின் கதையில் எமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் இது தோல்வி. உலகமே புகழும் அந்த ஊர் ஆரம்பத்தில் தடுமாறத்தான் செய்தது. ஆனால் மக்தா ஒரு பாடம் படித்துக்கொண்டார். இப்படியான விடயத்தில் முதலில் அனுமதி கேட்கப் போகக் கூடாது. கேட்டால் பதில் 'இல்லை' என்றுதான் வரும். அடுத்து வந்தவர்களுக்கு முதலில் கதவைத் திறந்தார்கள், பத்திரத்தைப் பற்றிப் பிறகு யோசித்தார்கள்.

அதன் பிறகு வந்தவர்கள் ஒருவர் இருவரல்ல. குர்ஸ், ரிவ்சால்த் போன்ற முகாம்களிலிருந்து உதவி அமைப்புகள் பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவந்தன. சுவிஸ் நாட்டுக்காரர்களும் குவேக்கர்களும் பிள்ளைகள் இல்லங்கள் நடத்தினார்கள். அயற்கிராமங்களும், கத்தோலிக்கக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. பண்ணை வீடுகளில் 'மருமகன்', 'மைத்துனி' என்ற பெயர்களில் புதிய ஆட்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். சுமார் இருபது வயதான ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் ஒரு பண்ணையில் தங்கி, போலி அடையாள அட்டைகள் செய்தார். அந்தப் பத்திரங்களையும் கருவிகளையும் தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்துவைத்தார்கள். எந்தப் பொலிஸ்காரன் தேனீக் கூட்டுக்குள் கை விடுவான்!

1942 ஓகஸ்டில் விஷி அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் லமிரான் ஊருக்கு வந்தார். செவெனோல் மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிஸில் யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்ததைக் கண்டித்து, எங்கள் மத்தியிலும் யூதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை, அவர்களைக் கேட்டு வந்தால் ஒளித்துவைப்போம் என்ற கருத்தில் எழுதப்பட்ட கடிதம். எழுதியவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்! இரண்டு கிழமை கழித்து பொலிசார் பஸ்களோடு வந்து இறங்கினார்கள். போதகரிடம் பெயர்ப்பட்டியல் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. யூதர் யார் என்று எமக்குத் தெரியாது, மனிதரை மட்டுமே தெரியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வரலாறு. நாட்கணக்காகத் தேடியும் கொண்டுவந்த பஸ்களை நிரப்ப முடியவில்லை. முன்கூட்டியே தகவல் பரவி, தேடப்பட்டவர்கள் காட்டுக்கும் தூரத்துப் பண்ணைகளுக்கும் போய்விட்டிருந்தார்கள். பொலிஸ் போன பிறகு ஊரவர்கள் காட்டோரம் போய் ஒரு பாட்டுப் பாடுவார்களாம். அது கேட்டால் வெளியே வரலாம் என்று அர்த்தம். அந்தக் காடு அவர்களின் மூதாதையர் ஒளிந்து வணங்கிய காடு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதே காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சையாக மலைக்காற்றைத் தேடி வந்த ஓர் எழுத்தாளரும் பக்கத்துக் குக்கிராமமான லு பனெலியேயில் தங்கியிருந்தார். அல்பேர் கமு. 'கொள்ளைநோய்' நாவலின் கணிசமான பகுதியை அங்கே இருந்தபோதுதான் எழுதினார்.

விலையும் கொடுத்தார்கள். 1943 பெப்ரவரியில் ட்ரொக்மே, தெய்ஸ் ஆகியோரோடு மூன்றாமவராக ஊரின் அரச பாடசாலை அதிபர் ரொஜே தார்சிசாக்கும் கைதானார். சம்பளம் தரும் அரசுக்கு எதிராக நின்ற அரச ஆசிரியர் அவர். ஒரு மாதமளவில் முகாமில் வைத்துவிட்டு மூவரையும் விடுவித்தார்கள். அதே வருடம் ஜூனில் ஜேர்மன் பொலிசார் மாணவர் விடுதி ஒன்றைச் சுற்றிவளைத்து 18 மாணவர்களைப் பிடித்தார்கள். அவர்களில் யூதர் என்று அடையாளம் கண்ட ஐவர் அவுஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் தானியேல் ட்ரொக்மே, போதகரின் உறவினர், தொழிலால் ஆசிரியர். பிள்ளைகளோடு அவரும் கைதானார். 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். முப்பதுகளில் இருந்தார். இன்று எமது வயது.

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்? பீடபூமி முழுவதும் சேர்த்து ஐயாயிரம் என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டது. அதைவிடக் குறைவாக மதிப்பிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. சரியான எண் கிடைக்காததற்குக் காரணம் எளிது. யாரும் முழுப் பட்டியல் வைத்திருக்கவில்லை. பட்டியல் இருந்திருந்தால் அது பிடிபட்டிருக்கும். 1990இல் அந்த ஊருக்கும் அயற்கிராமங்களுக்கும் கூட்டாக யாத் வஷெம் அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. 2013இல் ஊரில் நினைவகம் ஒன்று திறந்தார்கள். செவெனோல் கல்லூரி 2014இல் மூடப்பட்டுவிட்டது. ஊர் மட்டும் அப்படியே இருக்கிறது. சந்தை கூடுகிறது, கோடையில் காட்டில் கருநீலச் சிறுபழங்களும் காளானும் பொறுக்குகிறார்கள், குளிரில் புர்ல் வீசுகிறது.

இந்தப் பதிவைப் பார்த்துச் சிலர் கேட்பீர்கள் என்று தெரியும். காஸாவில் பிள்ளைகள் படும் பாட்டைக் கண்ட பிறகும் யூதப் பிள்ளைகளின் கதையா? நாமும் எமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான். காஸாவின் பிள்ளைக்காக அழும் கண்ணுக்கு இந்தப் பிள்ளைகளுக்காகவும் அழத் தெரிய வேண்டும். எந்தப் பிள்ளை என்று பார்த்துத்தான் இரங்க வேண்டும் என்ற கணக்கைத்தான் அந்த ஊர் மக்கள் ஏற்க மறுத்தார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது அதை மட்டுமே.

சரி, ஒப்படைக்கு வருவோம். இரண்டாவது தடவை மனிதரோடு சேர்த்து எழுதிக் கொடுத்தோம். ஏ சித்தி கிடைத்தது. முன்வைப்பின்போது விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். "பொய்ப் பெயரோட வந்த பிள்ளையை, பொய் என்று தெரிஞ்சும் அந்த ஆசிரியர்கள் வகுப்பில வச்சிருந்தாங்க. நீங்க ஆசிரியராகப் போறவங்க. வரவு இடாப்பில அழிச்சு எழுதக் கூடாது, டிப்பெக்ஸ் பூசக் கூடாது என்று படிச்சவங்க. நீங்க என்ன செய்வீங்க?" நால்வரும் ஒரே குரலில் "பிள்ளையைத்தான் பார்ப்போம் சேர்" என்றோம். வகுப்பே கைதட்டியது.

இந்த வருடத் தொடக்கத்தில், எம்மில் ஒருவரின் தரம் 6 வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தாள். யாருடைய வகுப்பு என்பது முக்கியமில்லை. நால்வரும் அதையேதான் செய்திருப்போம். உம்மா கூலி வேலைக்காக ஊருக்கு வந்தவர். விடுகைப் பத்திரம் இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. "பேப்பர் எல்லாம் சரியானதும் பதிவோம், அதுவரைக்கும் உட்காரட்டும்" என்று முடிவாயிற்று. பிள்ளை கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டோம். அவளது பெயரைக் கூப்பிடவில்லை. அவளது பெயர் அதில் இல்லையே.

இரண்டாவது கிழமையில் ஒரு நாள் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "சேர், எல்லார்ட பேரும் கூப்பிட்டீங்க. என்ட பேர மட்டும் கூப்பிடல்லயே."

"இன்னும் பதியல்ல மகள், பதிஞ்சதும் கூப்பிடுவேன்" என்று சொன்னோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வராத பிள்ளையைத் தேட இடாப்பில் ஒரு சிவப்புக் குறிகூட விழவில்லை. கிழமை முடிவில் விசாரித்துப் போனபோது அந்த வாடகை அறை பூட்டியிருந்தது. உம்மாவும் மகளும் வேறெங்கோ வேலை தேடிப் போய்விட்டார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டார்.

பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். நாம் கேட்டது அவள் போன பிறகு. எமது வாசலில் ஜேர்மன் பொலிஸ் நிற்கவில்லை. போலி அட்டை செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு அரை நாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் போதும்.

2020 டிசம்பரில் எரிக் ஷ்வாம் என்ற முதியவர் பிரான்ஸில் 90 வயதில் காலமானார். வியன்னாவில் பிறந்த யூதர். 1943இல் சிறுவனாகக் குடும்பத்தோடு லு ஷம்போனுக்கு வந்து சேர்ந்து, ஊரவர்களால் மறைத்துக் காப்பாற்றப்பட்டவர். பிள்ளைகள் இல்லாத அவர் தன் சொத்தில் பெருந்தொகையை, சுமார் இருபது இலட்சம் யூரோ என்று செய்திகள் கூறின, அந்த ஊருக்கு எழுதிவைத்திருந்தார். பிள்ளைகளின் கல்விக்கும் இளைஞர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அவரது விருப்பம். ஏறத்தாழ எண்பது வருடங்கள் அந்தச் சிறுவன் அந்தப் பாடசாலையை மறக்கவில்லை. எமது வகுப்பின் கடைசி வாங்கில் இரண்டு கிழமை இருந்த பிள்ளையும் மறக்க மாட்டாள். அவள் எதை நினைவில் வைத்திருப்பாள் என்று யோசித்தால் நித்திரை வருவதில்லை.

இப்போது நால்வரும் எமது மேசை லாச்சியில் ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறோம். பத்திரம் முடியாத பிள்ளை யாராவது வந்தால் பெயர் அதில் ஏறும். இடாப்பில் கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடிந்ததும் கொப்பியைத் திறந்து அந்தப் பெயரையும் அதே குரலில் கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளையும் எழுந்து நின்று "வந்திருக்கிறேன் சேர்" என்று சொல்ல வேண்டும். வகுப்புக்கு வித்தியாசம் தெரியாது. பத்திர வேலையை அந்தக் கிழமைக்குள் நாமே தொடங்குகிறோம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், நாளைக் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எமது அந்த மகளுக்காகவும் துஆ செய்யுங்கள். எங்கோ ஓர் ஊரில், யாரோ ஓர் ஆசிரியர் அவளது பெயரைக் கூப்பிட வேண்டும்.